விடியலுக்கு முன் ஒரு வால்வெள்ளி



வால்வெள்ளி என்றதும் இன்றும் நம்மில் பலர் முகஞ்சுளிப்பதுண்டு. ஆகையால் 2024 செப்டம்பர் இறுதியில், கேமராவும் முக்காலியுமாக நான் தூத்துக்குடிக் கடற்கரைக்குச் சென்றதைச் சிலர் விசித்திரமாகவே பார்த்தார்கள்.

அதன் பெயர் சுசின்ஷான்-அட்லஸ். 2023இன் தொடக்கத்தில் சீனாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் கண்டறியப்பட்டது. செப்டம்பர் 27 அன்று சூரியனை ஏறத்தாழ 6 கோடி கிலோமீட்டர்வரை நெருங்கிவிட்டுத் திரும்பியது. பனியும் தூசியும் கலந்த கட்டி அது. வெயில் பட்டுப் பனி ஆவியாகையில் தூசியும் வெளியேறி, சூரியனுக்கு எதிர்த்திசையில் வாலாக நீள்கிறது. எனவே திரும்பிப் போகும்போது வால் முன்னே செல்ல, தலை பின்தொடர்கிறது!

ஐந்து மணிக்குமேல், அடிவானத்தையொட்டி, வெறுங்கண்ணுக்கு அது மங்கலான தீற்றலாகவே தெரிந்தது. லென்ஸை இரண்டு விநாடி திறந்துவைத்தேன். அதற்கு மேல் வைத்தால் பூமி சுழல்வதால் விண்மீன்கள் கோடாக இழுபடும். விரல் பட்டால் கேமரா அசையும் என்பதால் டைமரில் விட்டேன். கண்ணுக்கு எட்டாத வாலின் நீளத்தைப் படம் காட்டியது. விடியல் வெளுப்பதற்குள் கிடைப்பது சில நிமிடங்களே. மேகம் வந்தால் அதுவுமில்லை. மூன்று நாள் சென்றும் ஒரு நாள்தான் வாய்த்தது.

அந்த வாரமே நம் சபையின் மூதாட்டி ஒருவரைச் சந்திக்கச் சென்றேன். ஆகஸ்டில் மகனை இழந்தவர். அந்த வால்வெள்ளிதான் மகனைக் கொண்டுபோயிற்று என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். நிறைமாதக் கர்ப்பிணியான மருமகளை விடியுமுன் வாசலுக்கும் அனுப்பவில்லை. துக்கத்துக்குக் காரணம் தேடும் மனதோடு வாதாடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. படத்தை மட்டும் காட்டினேன்.

நெடுநேரம் பார்த்தார். "இவ்வளவு சின்னதா ஐயா?" என்றார்.

"வெகுதூரத்தில் இருக்கிறது அம்மா. கோடிக்கணக்கான கிலோமீட்டர். மகன் இறந்தபோது நம் கண்ணுக்கு அது தெரியவே இல்லை."

"இனி எங்கே போகும்?"

"சூரியனைவிட்டு வெளியே. நம் காலத்தில் மறுபடி வராது."

மகனைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. சற்றுநேரம் கழித்து, "மேரி, இங்கே வா. ஐயா எடுத்த படத்தைப் பார்" என்று உள்ளே குரல் கொடுத்தார்.