மண்ணுள் துயிலும் ரோஜாக்கொடி

ஐக்கிய அமெரிக்காவின் வடபால், ஏரிகள் பல சூழ அமைந்த நகரம் மினியாபொலிஸ். தை மாதத்து இரவுகளில் அங்கே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை செல்சியசு வரை இறங்குவதுண்டு. நுவரெலியாவில் புல் நுனியிற் பனி வெளுத்தாலே போர்வை தேடும் நமக்கு அக்குளிரை நினைத்துப் பார்ப்பதும் அரிது. அத்தகைய ஊரில், ஹரியற் ஏரியின் அருகே, 1908ஆம் ஆண்டிலேயே தியோடர் வேர்த் என்பார் பொதுமக்களுக்கென ஒரு ரோஜாத் தோட்டம் அமைத்தார்.

ஆயினும் நம் நெஞ்சைக் கவர்ந்தது அத்தோட்டமன்று. ஐப்பசியில் ஒரு வீட்டு வாசலில் நாம் கண்ட கொடி ரோஜாவே. 'டொன் ஜுவான்' என்பது அதன் பெயர். 1958இல் வெளிவந்த இத்தாலிய இனம். மலர் கருஞ்சிவப்பு, மணமோ மிகுதி. எட்டடி, பத்தடி ஏறும். கடுங்குளிர் தாங்கும் வலிமை மட்டும் அதற்கில்லை.

வேர் பிழைத்தாற் போதாதோ எனலாம். போதாது. ஆண்டுதோறும் நிலமட்டத்திலிருந்து தளிர்க்கும் கொடி, பந்தலேறுமுன் கோடை கழிந்துவிடும். அன்றியும், விற்பனைக்கு வரும் கொடிகளிற் பல வேறொரு ரோஜாவின் வேரில் ஒட்டப்பட்டவை. ஒட்டு பட்டுப்போனால் அடிக்கட்டை தன் தளிரை விடும். அந்நாட்டில் அடிக்கட்டையாகப் பெரிதும் வழங்கும் 'டொக்டர் ஹியூயி' தானும் ஒரு சிவப்புக் கொடி ரோஜாவே. வெள்ளை ரோஜா நட்டவர் வாசலில் ஒரு கோடையிற் சிவப்பு மலரும். அவரும் பூ நிறம் மாறிற்று என்று வியந்து நிற்பார்!

இதற்கு அவ்வூரார் கண்ட வழி, கொடியை உயிரோடு புதைப்பது. 'மினசோட்டாச் சாய்ப்பு' என்பர். முதலிற் கொடியைப் பந்தலினின்றும் அவிழ்த்துச் சணற்கயிற்றாற் கட்டுவர். அதன் நீளத்துக்கு ஒரு கிடங்கு வெட்டி, எதிர்ப்புறத்து வேர்மண்ணை இளக்கிச் செடியை மெல்லச் சாய்ப்பர். வளைய வேண்டியது வேர்ப்பகுதியே. தண்டை வளைத்தால் முறிந்துவிடும். பின்னர் இரண்டு மூன்று அங்குல மண். நிலம் உறைந்தபின் அதன்மேற் சருகுக் குவியல். மேலே காற்று எவ்வளவு குளிர்ந்தாலும், சருகும் பனியும் மூடிய மண் அவ்வளவு குளிர்வதில்லை. கொடியை உலர்த்தும் வாடைக்காற்றும் அங்கே எட்டாது. எலி மட்டும் எட்டும். சருகினுள் வளை அமைத்துப் பட்டையைக் கொறிக்கும்.

அவ்வீட்டு அம்மையார் முதியவர், முழங்கால் நோவுடையவர். குனிந்து கிடங்கு வெட்டும் வேலை ஆண்டுதோறும் கடினமாகி வருகிறது. ஒட்டாவாவில் ஆக்கப்பெற்று 1983இல் வெளிவந்த 'வில்லியம் பஃபின்' என்னும் கொடி அக்குளிரிலும் புதைக்காமலே நிற்கும். அதனை நடலாமே என்று கேட்டோம்.

"வேலியில் நடலாம். வாசலுக்கு மணம் வேண்டாமா?" என்றார்.

அறிவு அவருக்கு மாறாக நின்றாலும், நம் மனம் அவர் பக்கமே சாய்ந்தது. கிடங்கு வெட்ட அயல்வீட்டு மாணவன் ஒருவனை அமர்த்தியிருந்தார். எனினும் கொடியைச் சாய்க்கும்போது அவனை விலகச் சொல்லித் தாமே மண்டியிட்டு அமர்ந்தார். சித்திரையில் மண் இளகியதும் சருகைச் சிறிது சிறிதாக நீக்கிக் கொடியை நிமிர்த்துவாராம். தண்டைக் கீறிப் பச்சை தெரிகிறதா என்று பார்ப்பதே அவருக்கு முதல் வேலையாம்.