ஒன்று பத்துக்கு நண்பகல்

சபைகூடும் திடலின் ஓரத்தில், பூப்பந்து வலைக் கம்பத்துக்காகச் சிமெண்டில் விட்டிருந்த துளை ஒன்று எங்கள் பள்ளியில் பல ஆண்டுகளாகச் சும்மா கிடந்தது. அதில் ஒரு பழைய துடைப்பக் கம்பைச் செருகி, தரைக்கு மேல் சரியாக ஒரு மீட்டர் நிற்கும்படி அறுத்தோம். கம்பு சாயாமல் நிற்கிறதா என்று பார்க்க, நூலில் கட்டிய பீரோச் சாவி ஒன்றைப் பக்கத்தில் தொங்கவிட்டோம். அன்று 2024 மார்ச் 24, ஞாயிற்றுக்கிழமை. ஜொகூரில் அப்போது வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. (2025 தொடக்கத்தில்தான் சனி, ஞாயிறுக்குத் திரும்பினோம். அதுவரை, சிலாங்கூர் உறவினர் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணங்களை எல்லாம் படத்தில் பார்த்தவள் நான்.)

அன்று காலை வகுப்பில் இரண்டு நிமிடக் காணொலி ஒன்றைப் போட்டிருந்தேன். வலையொளியில் (யூடியூப்) கிடைத்தது, அழகான சித்திரம், தெளிவான தமிழ். “நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நிழல் மிகவும் குட்டையாக இருக்கும்” என்று அது சொன்ன இடத்தில் நிறுத்தினேன். “போய்ப் பார்ப்போமா?” என்றேன். அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொன்ன பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை.

பன்னிரண்டு மணிக்கு நிழல் 32 சென்டிமீட்டர். சுண்ணக்கட்டியால் கோடு போட்டோம். பன்னிரண்டரைக்கு 18. பன்னிரண்டே முக்காலுக்கு 11. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னாள்: “டீச்சர், வீடியோ பொய் சொல்லுது.” ஒரு மணிக்கு ஐந்து சென்டிமீட்டர்தான் மிஞ்சியது. வெளியே பள்ளிப் பேருந்துக்காரர் ஹார்ன் அடிக்கத் தொடங்கிவிட்டார். ஒன்று பத்துக்கு நிழலையே காணோம். கம்பின் அடியைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் மட்டும் இருந்தது. பையன் ஒருவன் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தான்.

காணொலி பொய் சொல்லவில்லை. அது எங்கள் ஊருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஜொகூர் பாரு ஏறத்தாழ 103.7 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. நாம் கட்டியிருக்கும் கடிகாரமோ 120 பாகைக்கு உரியது. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. சூரியனுக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. அது பழையபடி, நம் கடிகாரத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிந்தித்தான் உச்சிக்கு வருகிறது. இதைப் பேருந்து வருவதற்குள் சொல்லி முடிக்க முடியவில்லை. மறுநாள் உலக உருண்டையோடு ஒரு பாடவேளை முழுக்கப் போயிற்று. அந்த ஆண்டில் நான் நடத்திய நல்ல பாடம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். தொடங்கிவைத்தது எங்கோ யாரோ எடுத்த காணொலி. நடந்தது நான் அதை நிறுத்திய பிறகு.

நிறுத்தும் பொத்தான் இல்லாத காலத்தையும் பார்த்திருக்கிறேன். மலேசியாவில் கல்வித் தொலைக்காட்சி 1972இல் தொடங்கியது. நான் படித்த தோட்டப் பள்ளியில் அந்தப் பெட்டி, இரட்டைக் கதவு வைத்த மர அலமாரிக்குள் பூட்டியிருக்கும். சாவி தலைமையாசிரியர் இடுப்பில் இருக்கும். நிகழ்ச்சி நேரத்துக்குத் திறப்பார்கள். அது பேசிக்கொண்டே போகும். புரியவில்லை என்று கை தூக்கினால் திரைக்குள் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஆசிரியர் “உஷ்” என்பார். நிகழ்ச்சி முடிந்ததும் அலமாரியைப் பூட்டுவார்கள். என் சந்தேகமும் உள்ளேயே பூட்டிக்கொள்ளும்.

நான் சொந்தமாகக் காணொலி எடுக்கத் தொடங்கியது ஆசையால் அன்று. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது; பள்ளி மூடியது. பிள்ளைகளை எட்ட எனக்குப் புலனம் (வாட்ஸ்அப்) ஒன்றுதான் வழி. கல்வியமைச்சு அப்போது எடுத்த கணக்கில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை. என் வகுப்பில் நிறைய வீடுகளில் இருந்தது ஒரே கைப்பேசி. அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இயங்கலை வகுப்பு காலை ஒன்பது மணிக்கு என்றால் யார் வருவார்கள்? காணொலி காத்திருக்கும். இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசி வீட்டுக்கு வரும்போது அதுவும் வீட்டில் இருக்கும்.

அன்றைக்குப் புலனத்தில் 16 மெகாபைட்டுக்கு மேல் காணொலி போகாது. என் பாடங்கள் இரண்டு நிமிடத்துக்குச் சுருங்கியதற்குக் கல்விக் கோட்பாடு எதுவும் காரணமில்லை, இந்த 16 மெகாபைட்தான். ஆறு நிமிடத்துக்கு மேல் போனால் பெரியவர்களே பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்று, இணையப் பாடங்களின் 6.9 மில்லியன் பார்வைகளை அலசிய ஓர் ஆய்வு 2014இலேயே வந்திருந்ததைப் பின்னால்தான் படித்தேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆறு நிமிடம் என்பது ஒரு யுகம். சுருங்கச் சுருங்க, நான் வகுப்பில் எவ்வளவு வீணாகப் பேசியிருக்கிறேன் என்பதும் தெரிந்தது. “சரி மாணவர்களே, இன்று நாம் படிக்கப்போவது என்னவென்றால்” என்று தொடங்கினாலே ஐந்து நொடி போய்விடும்.

அந்த நாள்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது ஒரு தகப்பன். ஜொகூர் பாருவில் எங்கள் பெற்றோர்களில் பலர் விடிவதற்கு முன்பே மோட்டாரில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். எல்லை மூடியபோது அவர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். எல்லை முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் முதல் நாள். இடைப்பட்ட மாதங்களில் என் காணொலி இரவில் இரண்டு இடங்களில் ஓடியிருக்கிறது. மகள் வீட்டில் பாட்டியின் கைப்பேசியில் பார்க்க, அவர் உட்லண்ட்ஸில் வாடகை அறையில் பார்த்திருக்கிறார். இன்னொரு கைப்பேசியில் அழைப்பு. “ஒண்ணு, ரெண்டு, மூணு, அமுக்கு” என்று சேர்ந்தே ஓடவிடுவார்களாம். நான் கேள்வி கேட்கும் இடம் வந்ததும் “நிறுத்து” என்பாராம். மகள் விடை சொன்ன பிறகு மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. இதை அவள் என்னிடம் சொன்னது பள்ளி திறந்து பல வாரம் கழித்து, கணக்குப் புத்தகத்தைத் தேடிக்கொண்டே, போகிற போக்கில். அதற்குப் பிறகு நான் எடுத்த எந்தக் காணொலியிலும் கேள்வி கேட்டவுடன் விடை சொன்னதில்லை. கேள்வி, பின் ஐந்து நொடி மௌனம். பதிவு செய்யும்போது அந்த ஐந்து நொடி நீளமாகத் தோன்றும். வெட்டிவிடலாமா என்று கை அரிக்கும். வெட்டுவதில்லை.

அதே பாலத்தை வைத்துக் கிலோமீட்டர் பாடம் எடுத்தேன். 1924இல் திறந்த பாலம். நீளம் 1,056 மீட்டர், அதாவது ஒரு கிலோமீட்டரும் இன்னும் 56 மீட்டரும். கரையிலிருந்து எடுத்த படத்தைக் காட்டி, “இது எவ்வளவு நீளம்?” என்றேன். “ரெண்டு மணி நேரம்!” என்று வகுப்பே கத்தியது. அவர்கள் மேல் தப்பில்லை.

பின்னப் பாடத்துக்கு ரொட்டி சானாயை நான்காகப் பிய்க்கலாம் என்று நினைத்தேன். கடையில் வாங்கி வந்து, மேசைக்கு மேலே கைப்பேசியைக் கவிழ்த்துப் பொருத்தி, பிய்த்தேன். நான்கும் நான்கு தினுசு. “டீச்சர், பெரிய கால்வாசி எனக்கு” என்று பதில் வரும் என்று தெரிந்தது. அந்தப் பதிவையும் ரொட்டியையும் என் வீட்டுக்காரர் முடித்துவைத்தார். பிறகு குவே லாப்பிஸ் பலகாரம் வாங்கி, நூலால் அறுத்தேன். பன்னிரண்டு சமத் துண்டு. அதிலே மூன்றை ஒதுக்கினால் கால் என்று கண்ணுக்குத் தெரிந்தது. என் கையும் தட்டும் மட்டும் திரையில், முகம் வேண்டாம். முகம் இருந்தால் பிள்ளைகள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். பதிவு நேரம் காலை ஐந்து மணி. எங்கள் தகரக் கூரையில் பிற்பகல் மழை இறங்கினால் கைப்பேசிக்கு வேறொன்றும் கேட்காது.

ழகரத்துக்கு என் வாயைக் கிட்டத்தில் எடுத்துக் காட்டினேன். பிள்ளைகள் என் பல்லைப் பார்த்துச் சிரித்ததோடு சரி. நாக்கு வாய்க்குள் என்ன செய்கிறது என்று எந்தக் கேமராவுக்கும் தெரியாது. கடைசியில் இரண்டு கைகளால் செய்தேன். இடக்கை மேலே கவிழ்ந்து அண்ணமானது. வலக்கை கீழே நாக்கானது. ‘ல’வுக்கு விரல்நுனி முன்பக்கம் பல்லின் வேரைத் தொடும், ‘ள’வுக்கு வளைந்து போய் மேலே தொடும், ‘ழ’வுக்கு அதேபோல் வளைந்து, தொடாமல் நிற்கும். ஐம்பது நொடி. நான் எடுத்ததிலேயே அதிகம் சுற்றியது அதுதான். இப்போதும் வகுப்பில் ஒருவன் ‘வாளைப்பளம்’ என்றால் மற்றவர்கள் வாய் திறந்து திருத்துவதில்லை, இரண்டு கையைத் தூக்குகிறார்கள்.

எல்லாவற்றையும் நாமே எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. முடியவும் முடியாது. தமிழ்நாட்டில் 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் வலையொளியில் கிடைக்கின்றன. நம் கல்வியமைச்சும் 2021 பிப்ரவரியில் டிடிக் டிவியைத் தொடங்கியது. ஆனால் இரவல் சட்டையைக் கொஞ்சம் பிடித்துத் தைத்துத்தான் போட வேண்டும். தமிழ்நாட்டுக் காணொலியில் ‘ஆக்சிஜன்’ என்றதும் என் பிள்ளைகள் முழிப்பார்கள். எங்கள் பாடநூலில் அது உயிர்வளி. கார்பன் டை ஆக்சைடு எங்களுக்குக் கரிவளி. சதவீதம் எங்களுக்கு விழுக்காடு. அந்த இடங்களில் நிறுத்தி, பலகையில் இரண்டு சொல்லையும் அருகருகே எழுதுவேன். இரண்டும் தமிழ்ப் பிள்ளைக்குச் சொந்தம்தானே.

காணொலி வேலை செய்கிறதா என்று பார்க்க நான் கடைப்பிடிக்கும் முறை இரவல் வாங்கியது. அமெரிக்காவில் 1969இல் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சி வந்தபோது எட்வர்ட் பால்மர் என்ற ஆய்வாளர், தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே இன்னொரு திரையில் சில நொடிக்கு ஒரு படம் மாறிக்கொண்டிருக்கும்படி வைத்தார். குழந்தையின் கண் எப்போது அந்தப் பக்கம் திரும்புகிறதோ, நிகழ்ச்சி அங்கே தோற்றது என்று குறித்துக்கொண்டார். எனக்கு இன்னொரு திரை தேவையில்லை. எங்கள் வகுப்பின் சன்னலுக்கு வெளியே மைனாக்கள் இருக்கின்றன. திரையைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். மைனா ஜெயிக்கிற நொடியைத் தாளில் குறிப்பேன். இசை போட்டு, எழுத்துப் பறக்கவிட்டு, மூன்று இரவு கண்விழித்து நான் செய்த காணொலி ஒன்று இருபதாவது நொடியிலேயே மைனாவிடம் தோற்றது. குவே லாப்பிஸ் தோற்கவில்லை.

நிழல் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மார்ச் மாதமே துடைப்பக் கம்பை வைத்துச் சொந்தமாக ஒரு காணொலி எடுத்து, “ஜொகூரில் நண்பகல் ஒன்று பத்துக்கு” என்று பெருமையாகத் தலைப்பும் போட்டு வகுப்புக் குழுவில் அனுப்பினேன். செப்டம்பரில் பள்ளி விடுமுறை. வேலையில்லாத ஒரு மத்தியானம் புலனத்தில் ஒரு காணொலி வந்தது. நாற்பத்தோரு நொடி, அனுப்பியவன் அன்று கறுப்பு வளையத்தைத் தொட்டுப் பார்த்த பையன். வீட்டு முற்றத்தில் துடைப்பம் தலைகீழாக ஒரு பூந்தொட்டியில் நிற்கிறது. அதன் அடியில் நிழல் இல்லை. பிறகு கேமரா ஆடி ஆடிச் சுவர்க் கடிகாரத்துக்குப் போகிறது. ஒரு மணி ஆக இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. பின்னணியில் அவன் குரல்: “டீச்சர், ஒன்று பத்து இல்ல. உங்க வீடியோவும் தப்பு.”

அவன் கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. பூமி சாய்ந்தும், நீள்வட்டத்திலும் சுற்றுவதால் சூரியன் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தில் உச்சிக்கு வருவதில்லை. சராசரியைவிட மார்ச் பிற்பகுதியில் ஆறு நிமிடம் பிந்தும், செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் ஆறு நிமிடம் முந்தும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அவனுக்குப் பதில் எழுதுமுன் இரண்டு முறை அந்தக் காணொலியை ஓடவிட்டு, கடிகாரம் வரும் இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். பிறகு, பள்ளி திறந்ததும் அந்தத் துடைப்பத்தைக் கொண்டுவரச் சொன்னேன். பூந்தொட்டியோடு வந்தான்.