கதாநாயகிக்கு எதிரே நிற்பது யார்?

(மூன்றாமாண்டு, இயந்திரவியல்)

பேரவை மலருக்கு எழுதுகிறவர்கள் பொதுவாக நட்பு, காதல், தாய்மை, வேலையில்லாத் திண்டாட்டம் என்ற நான்கில் ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். நான் பிடித்திருப்பது ஹாலிவுட். அதுவும் 1930லிருந்து 1960 வரையிலான பழைய ஹாலிவுட். விடுதியில் என் அறைக்கு வருகிற நண்பர்கள், செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "என்னடா, பழைய இரும்புக் கடை திறந்துட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். போகட்டும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

அந்தக் காலத்து நடிகைகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அழகு" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அழகுதான், இல்லேன்னு சொல்லலை. ஆனால் என் கட்சி வேறு. ஒரு நடிகையின் கதை பாதி அவர் கையில் என்றால், மீதிப் பாதி எதிரே நிற்கிற நடிகர் கையில். ஒரு கியர் தனியாகச் சுற்றினால் என்ன பிரயோஜனம்? இன்னொரு கியரோடு பல் பதிந்தால்தானே வண்டி நகரும்! சில இடங்களில் பல்லே உடைந்தும் போயிருக்கிறது.

முதலில் நல்ல பக்கத்தைப் பார்ப்போம். 1953ல் வந்த 'ரோமன் ஹாலிடே' படத்தில் கிரிகரி பெக் பெரிய நட்சத்திரம். ஆட்ரி ஹெப்பர்ன் அமெரிக்க ரசிகர்களுக்கு முகமே தெரியாத புதுமுகம். ஒப்பந்தப்படி படத்தின் தலைப்புக்கு மேலே பெக் பெயர் மட்டும்தான் வர வேண்டும். படப்பிடிப்பில் அந்தப் பெண்ணின் நடிப்பைப் பார்த்த பெக், "அவர் பெயரையும் என் பெயரோடு சமமாகப் போடுங்கள்" என்று தானே சொல்லிவிட்டார். அந்தப் படத்துக்கே ஆட்ரிக்கு ஆஸ்கர் கிடைத்தது. தன் இடத்தில் பாதியைக் கூசாமல் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் பெயர் வரிசை மாறினாலே எவ்வளவு சண்டை!

ஆட்ரிக்கு அதற்குப் பிறகு அமைந்த ஜோடிகள்தான் எனக்கு உறுத்தல். அவர் பிறந்தது 1929ல். 'சப்ரினா'வில் (1954) ஜோடி ஹம்ப்ரி போகார்ட், 1899ல் பிறந்தவர். 'ஃபன்னி ஃபேஸ்' (1957) படத்தில் ஃப்ரெட் அஸ்டேர், அவரும் 1899. அதே 1957ல் 'லவ் இன் தி ஆஃப்டர்நூன்' படத்தில் கேரி கூப்பர், 1901. அப்பா வயசு! 'சரேட்' (1963) படத்தில் கேரி கிராண்ட் மட்டும்தான் கொஞ்சம் கூச்சப்பட்டார். அவருக்கு 59, ஆட்ரிக்கு 34. "நான் துரத்தினால் அசிங்கமாக இருக்கும், அந்தப் பெண் என்னைத் துரத்துவது மாதிரி மாற்றுங்கள்" என்று கேட்டு வசனத்தை மாற்ற வைத்தார். படத்தில் அந்த மாற்றம்தான் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது.

சரி, ஆண்களுக்கு 56 வயதிலும் காதல் காட்சி. பெண்களுக்கு? இரண்டு ஆஸ்கர் வாங்கிய பெட்டி டேவிஸ், 1962ல், தன் 54வது வயதில், சினிமாப் பத்திரிகை ஒன்றில் "வேலை தேவை" என்று விளம்பரமே கொடுத்தார். பாதி கேலிக்காகத்தான். மீதிப் பாதி? அதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதைவிடக் கொடுமை அன்னா மே வாங் கதை. லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த சீன வம்சாவளிப் பெண். சீன விவசாயக் குடும்பத்தைப் பற்றிய 'தி குட் எர்த்' (1937) படத்தில் மனைவி வேடம் தனக்குத்தான் என்று ஆசையோடு காத்திருந்தார். ஆனால் கணவன் வேடம் பால் முனி என்ற வெள்ளைக்கார நடிகருக்குப் போனது. அன்றைய தணிக்கை விதிப்படி வேறு வேறு இனத்தவர் திரையில் ஜோடி சேரக்கூடாது. ஆகவே மனைவியும் வெள்ளைக்காரி! லூயிஸ் ரைனர் சீன மேக்கப் போட்டு நடித்தார், ஆஸ்கரும் வாங்கினார். வாங்குக்கு அதே படத்தில் ஆசை நாயகி வேடம் தருவதாகச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ரைனர் நன்றாக நடித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் படத்தை என்னால் முழு மனசோடு பார்க்க முடிவதில்லை. 2022ல் அமெரிக்க அரசு 25 சென்ட் நாணயத்தில் வாங்கின் முகத்தைப் பொறித்தது. வேடம் கிடைக்காமல் போய் 85 வருஷம் கழித்து!

ஸ்பென்சர் ட்ரேசி – கேதரின் ஹெப்பர்ன் ஜோடியை எல்லோரும் கொண்டாடுவார்கள். ஒன்பது படங்கள், 1942லிருந்து 1967 வரை. நானும் ரசிகன்தான். ஆனால் ஒன்பதிலும் ட்ரேசி பெயர்தான் முன்னால் வரும்! நாலு ஆஸ்கர் வாங்கியவர் அந்த அம்மா. அதுக்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

லாரன் பகாலைச் சொல்லாவிட்டால் எங்கள் வகுப்பில் ஒருவன் கோபித்துக்கொள்வான். 'டு ஹாவ் அண்ட் ஹாவ் நாட்' (1944) அவருக்கு முதல் படம். வயது 19. பயத்தில் தலை நடுங்கியதாம். நடுக்கம் தெரியாமல் இருக்க மோவாயைத் தாழ்த்தி, கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தார். அந்தப் பார்வைதான் பிறகு உலகப் புகழ் பெற்றது. எதிரே நின்ற போகார்ட் ஜோக்கடித்து பயத்தைப் போக்கினாராம். வைவாவில் நமக்கு அப்படி ஓர் எக்ஸ்டர்னல் வந்தால் எப்படி இருக்கும்!

இனி எனக்கு மிகவும் பிடித்தவர்: பார்பரா ஸ்டான்விக். 'டபுள் இன்டெம்னிட்டி' (1944) பார்த்தவர்கள் அந்த வில்லத்தனத்தை மறக்க மாட்டார்கள். எதிராளி பேசும்போது அவர் காது கொடுத்துக் கேட்கிற விதம் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. 1939ல் 'கோல்டன் பாய்' என்று ஒரு படம். நாயகன் வில்லியம் ஹோல்டன், 21 வயசுப் புதுப் பையன். ஆரம்ப நாட்களில் அவர் நடிப்பு தேறவில்லை. தூக்கிவிடலாம் என்று கம்பெனி முடிவு கட்டிவிட்டது. ஸ்டான்விக் அப்போதே பெரிய நட்சத்திரம். அவர் குறுக்கே நின்று, "பையனுக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள்" என்று வாதாடினார். அதோடு விடவில்லை. வேலை முடிந்த பிறகு அவரை உட்கார வைத்து வசனம் சொல்லிக் கொடுத்தார். நம்ம பக்கத்து இலங்கையில் எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) படத்தில் அமெரிக்கராக வருகிறாரே, அவரேதான் அந்தப் பையன். அன்று அந்த அம்மா சும்மா இருந்திருந்தால் ஊருக்கு பஸ் ஏறியிருப்பார்.

ஹோல்டன் 1953ல் வந்த ஒரு படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். ஸ்டான்விக்கோ நான்கு முறை சிறந்த நடிகைக்கான பரிந்துரைப் பட்டியலில் வந்தும் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. 1978 ஆஸ்கர் விழாவில் இருவரும் சேர்ந்து ஒரு பரிசை வழங்க மேடைக்கு வந்தார்கள். ஹோல்டன் திடீரென்று நிறுத்தி, 39 வருஷத்துக்கு முன்னால் நடந்ததை அத்தனை பேர் முன்னிலையில் சொல்லி நன்றி கூறினார். ஸ்டான்விக் இதை எதிர்பார்க்கவே இல்லை. கண் கலங்கி அவரைக் கட்டிக்கொண்டார்.

1982ல் ஸ்டான்விக்குக்கு கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். அதற்குள் ஹோல்டன் 1981 நவம்பரில் இறந்துவிட்டார். மேடையில் அந்த அம்மா அவரைத்தான் நினைவுகூர்ந்தார். எனக்கு ஆஸ்கர் கிடைக்கணும்னு எப்போதும் ஆசைப்பட்டவர் அவர் என்று சொல்லி, சிலையை உயர்த்திக் காட்டி, "உன் ஆசை நிறைவேறிவிட்டது" என்கிற மாதிரி இரண்டு வார்த்தை பேசிவிட்டு இறங்கிப் போனார்.