நுண்டுளை துலக்கிய வரலாறு

கண்ணிற் புகுந்த சிறு துகள் மலையையும் மறைக்குமாறுபோல, மோட்டார் வண்டியின் நுண்டுளையொன்றிற் படிந்த பிசின் வண்டி முழுவதையும் நடுங்கச் செய்யும். யாம் இதனைக் கண்கூடாய்க் கண்டவாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

எம் இல்லத்திலுள்ள மாருதி 800 வண்டி, அவ்வகை வண்டிகள் 2000 ஆம் ஆண்டளவிற் கார்புரேட்டரை விடுத்து இஞ்செக்டரை ஏற்ற பின்னர் வந்தது. சிலிண்டர் மூன்றாதலின் இஞ்செக்டரும் மூன்று. வாரம் இருமுறை எம் பாட்டியாரை மருத்துவமனையிற் சேர்ப்பது அவ்வண்டியே. சென்ற கோடையில் அது நின்றவிடத்து நடுங்கவும், மேடேறுங்கால் இளைக்கவும் தொடங்கிற்று. பட்டறையார் மூன்றனையும் மாற்றுக என்றனர். அவர் கேட்ட தொகையோ எம் தந்தையாரின் ஒரு திங்கள் ஊதியத்திற் பாதி. ஆகவே உடன்பிறந்தார் இருவேமும் முதற்கண் ஆராய்ந்து பார்ப்பதெனத் துணிந்தோம்.

இஞ்செக்டரின் உள்ளே ஒரு கம்பிச்சுருளும், ஓர் ஊசியும், அதனை அழுத்தும் வில்லும் உள. சுருளில் மின்சாரம் பாய, ஊசி மயிரிழையளவு எழும். அழுத்தமுற்ற பெட்ரோல் பனிபோற் சிதறும். மின்சாரம் அற, வில் ஊசியை மூடும். எஞ்சின் நின்றபின், அதன் வெப்பத்தால் நுனியில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப்போக, எஞ்சிய கசடே பிசினாய்ப் படிகின்றது.

நிற்க. இவ்வேலையில் முதற்கண் வேண்டுவது காப்பு. பெட்ரோல் பம்பின் மின்சாரத்தைத் துண்டித்து, எஞ்சினைத் தானே ஓய்ந்து நிற்கவிட்டுக் குழாயின் அழுத்தத்தைத் தணித்தோம். பின்னர்ப் பாட்டரி இணைப்பையும் நீக்கினோம். பெட்ரோலின் ஆவி காற்றினும் கனத்துத் தரையிற் படர்வதாகலின், அடுப்பும் விளக்கும் அணுகாத திறந்த முற்றத்தில், தீயணைப்புக் கருவியை அருகில் வைத்து, மின்பொத்தானை நீண்ட கம்பியாற் சேய்மையில் அமைத்துக்கொண்டோம்.

மல்டிமீட்டரில் மூன்று சுருள்களும் ஏறத்தாழ 13 ஓம் காட்டின. 2 அல்லது 3 ஓம் காட்டும் வகையாயின், 12 வோல்ட்டை நேரே கொடுத்தலாகாது, சுருள் எரிந்துபோம். பின்னர்த் துலக்குநீர்க் குப்பியைக் குழாயாற் பொருத்தி, விட்டு விட்டு மின்சாரம் கொடுத்தோம். இரண்டு இஞ்செக்டர்கள் கூம்பு வடிவிற் பனி தூவின. மூன்றாவது ஒருபுறமாய் ஒழுகிற்று. ஒத்த எண்ணிக்கையான அழுத்தல்களுக்கு அளவுக்குழாயில் ஏந்த, அவை முறையே 20, 19, 13 மில்லிலிட்டர் தந்தன. கையாற் செய்யும் இவ்வளவை ஒப்புநோக்குதற்கே உதவும். எனினும் நோயுற்றது யாதெனக் காட்டுதற்கு அதுவே போதும்.

அவ்வொன்றனையே பன்முறை துலக்க, கூம்பு திருந்தி 18 மில்லிலிட்டர் ஆயிற்று. மின்சாரமின்றி அழுத்தம் மட்டும் கொடுத்து நோக்க, ஒன்றினும் சொட்டு விழவில்லை. புதிய ரப்பர் வளையங்கள் இட்டுப் பூட்டி, கசிவின்மை கண்ட பின்னரே எஞ்சினை முடுக்கினோம். நடுக்கம் நீங்கிற்று, செலவு வளையத்திற்கும் துலக்குநீருக்கும் ஆயதே.

சுருள் அறுந்ததும், ஊசி மூடாது ஒழுகுவதும் மாற்றத்தக்கனவே, அதனை மறுப்பாரில்லை. ஆயினும், மாணவ நண்பர்காள், ஒன்றன் குற்றத்திற்காக மூன்றனையும் எறியுமுன், ஒவ்வொன்றனையும் தனித்தனி அளந்தறிதல் அறிவுடையார் கடனாம்.