ஆளுடைய பிள்ளையார் தங்கிய திருவேட்களம்

சிதம்பரம் ரயில் நிலையத்திற்குக் கிழக்கே, வாய்க்கால் நீர் பாயும் வயல்வெளிகளிடையே அமைந்தது அண்ணாமலை நகர். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் நிறுவிய மீனாட்சி கல்லூரியே, 1929-இல் மாணவர் தங்கிப் பயிலும் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

அவ்வளாகத்தை ஒட்டிய திருவேட்களமோ தேவாரம் பெற்ற பழம்பதி. அர்ச்சுனன் பாசுபதம் பெற்ற தலம், இறைவன் பாசுபதேசுவரர். தேர்வு நெருங்கினால் மாணவர்க்கும் ஒரு பாசுபதம் வேண்டியிருக்குமே!

தில்லைப் பதிக்குள் இரவு துயில அஞ்சிய ஞானசம்பந்தப் பெருமான், இங்கே தங்கியே கூத்தப்பிரானைச் சென்று தொழுதுவந்தார் என்பது பெரியபுராணம். அப்பர் பெருமானும் இத்தலத்தைப் பாடியுள்ளார்.

திருச்சுழி, அருப்புக்கோட்டை போன்ற வானம் பார்த்த சீமையிலிருந்து வரும் குடும்பங்கள் பல, நடராசரைத் தரிசித்ததும் வண்டியேறிவிடுகின்றன. பிள்ளையார் நடந்த தொலைவு சிறிதே; மாலை வழிபாட்டுக்கு அங்கே சென்றுவரலாம்.