வாப்பாவின் ரம்ப மேசை

பழைய பொருளொன்று வீட்டின் மூலையில் கிடந்தால், அதனை எடைக்குப் போட்டுவிடும் எண்ணமே நமக்கு முதலில் எழுகிறது. எனக்கும் அப்படித்தான் எழுந்தது.

மரவேலை செய்து எங்களை வளர்த்த மர்ஹூம் வாப்பா விட்டுச் சென்ற ரம்ப மேசை, பதினோர் ஆண்டுகளாகக் கொல்லைக் கொட்டகையில் துருவேறிக் கிடந்தது. தச்சு வேலை பயின்று கூலிக்குச் செல்லும் என் ராத்தாவின் மகன், "மாமா, இதைச் சீராக்கித் தந்தால் நான் சொந்தமாகத் தொழில் செய்து பிழைத்துக்கொள்வேன்" என்றான். மத்ரஸா ஆசிரியனான என்னால் அதற்கென ஒதுக்க முடிந்தது 4,000 ரூபாய் மட்டுமே.

வார்ப்பிரும்பு மேற்பலகையில் மண்ணெண்ணெய் தடவி ஓரிரவு ஊறவிட்டு, எமரித்தாளால் தேய்த்தோம், துரு நீங்கியது. அது மீண்டும் பிடிக்காதிருக்க மெழுகு பூசினோம். எண்ணெய் தடவினால் மரத்தில் கறை படியும் அல்லவா? வாள் சுழலும் தண்டின் பேரிங்குகளில் 6204 என்னும் எண் பொறித்திருந்தமையால், கடையில் அதே அளவு எளிதாகக் கிடைத்தது. மோட்டாரின் வைண்டிங் நன்றாகவே இருந்தது. கெப்பாசிட்டர் மட்டுமே பழுது. அது, பேரிங், பெல்ட், சுவிட்ச், ஒயர், பத்தங்குல வாள் என 3,000 ரூபாய் கரைந்தது. மீதி ஆயிரத்தில் வண்ணம் பூசிப் புதிதுபோல் ஆக்கிவிடலாம் என மகிழ்ந்திருந்தோம்.

அப்போது உம்மா வந்து இயந்திரத்தை நெடுநேரம் பார்த்தார்கள். "உன் வாப்பாவின் விரலை எடுத்தது இதுதானே? இதன் பல்லுக்கு மூடி போட்டீர்களா?" என்றார்கள்.

"நன்னா காலத்தில் இதெல்லாம் ஏது?" என்றான் மருமகன்.

"அதனால்தான் விரல் போயிற்று" என்றார்கள் உம்மா.

நான் தலைகுனிந்தேன். வாப்பாவின் இடக்கைச் சுட்டுவிரல் பாதியாக இருந்ததைக் கண்டு வளர்ந்தவன் நான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க வேண்டுமென்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவனும் நானே!

சிந்தித்துப் பாருங்கள். பத்தங்குல வாள் நிமிடத்திற்கு 2,880 முறை சுழன்றால், அதன் பற்கள் மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்கின்றன. அறுபட்ட மரத்தின் பிளவு சுருங்கி வாளைக் கவ்வினால், பின்புறப் பற்கள் மரத்தைத் தூக்கி அறுப்பவர் மீதே எறியும். தள்ளிய கை வாளின்மேல் விழவும் கூடும். வாளுக்குப் பின்னே அதே நேர்கோட்டில் ஒரு தகடு நின்றால் பிளவு சுருங்காது.

வண்ணத்தைக் கைவிட்டோம். மீதிப் பணத்தில் பட்டறைக்காரரிடம் அத்தகட்டையும் மேல்மூடியையும் செய்வித்தோம். ஒரு பல்லில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, அதனை முன்னும் பின்னுமாகத் திருப்பி அளந்து, மரத்தை அணைத்துச் செல்லும் பக்கச் சட்டத்தை வாளுக்கு இணையாக நிறுத்தினோம். மரத்தைத் தள்ளும் குச்சியை மருமகனே கழிவுப் பலகையில் செதுக்கினான். இவ்விரண்டிற்கும் காசு செலவில்லை.

முதலில் அறுத்த பலகையில் அவன் உம்மாவுக்கு ஒரு மணை செய்து கொடுத்தான். ரம்ப மேசை இன்றும் துருத் தழும்புகளுடன்தான் நிற்கிறது. அவனுடைய பத்து விரல்களும் நலமாக உள்ளன, அல்ஹம்துலில்லாஹ்!

உங்கள் இல்லத்திலும் இத்தகைய பழைய இயந்திரம் இருக்கலாம். அதனைப் புதுப்பிக்கும்போது கையிருப்பு போதவில்லையெனில் அழகைக் குறைத்துக்கொள்ளுங்கள், காப்பைக் குறைத்துவிடாதீர்கள்.