இரண்டாவது தொட்டியின் கணக்கு

கடந்த வாரம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கன அளவைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைப் பெருக்கி விடை கண்ட ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, இது எதற்குப் பயன்படும்?” என்று கேட்டான். பாடநூலில் உள்ள பதிலைச் சொல்ல மனம் வரவில்லை. என் தந்தையாரின் கதையைச் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

1986ஆம் ஆண்டு. அப்பா லாரி ஓட்டுநர். குளுவாங் வட்டாரத்திலிருந்து பாசிர் கூடாங் துறைமுகத்திற்குச் சரக்கு ஏற்றிச் செல்வார். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது 1994இல்தான். அதற்கு முன்பு ஆயர் ஹீத்தாம், சிம்பாங் ரெங்கம், கூலாய் வழியாகப் பழைய சாலையே கதி. வழியில் எண்ணெய் தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த லாரியில் இரண்டு டாங்கிகள் பொருத்தியிருந்தார்கள். ஒன்று முதன்மைத் தொட்டி. மற்றொன்று சற்று உயரத்தில் வைத்த இரும்புப் பெட்டி போன்ற துணைத் தொட்டி. அடியிலுள்ள குழாயைத் திறந்தால் டீசல் தானாகவே முதன்மைத் தொட்டிக்கு இறங்கும். ஆனால் ஓட்டுநரின் முன்னாலிருந்த முள், முதன்மைத் தொட்டியின் அளவை மட்டுமே காட்டும். துணைத் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதை அது அறியாது.

ஒரு மாத இறுதியில் நிறுவனத்தின் கிராணி கணக்குப் பார்த்தார். லாரி ஓடிய தூரம் 3,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 3 கிலோமீட்டர் என்ற வழக்கமான கணக்கின்படி 1,000 லிட்டர் போதும். ரசீதுகளைக் கூட்டினால் 1,130 லிட்டர் வந்தது. மீதி 130 லிட்டர் எங்கே? அப்பா அதை விற்றுவிட்டார் என்று முடிவு கட்டி, அதற்கான தொகையைச் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள்.

அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. பணம் போனதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. “திருடன்னு சொல்லிட்டாங்க” என்று மட்டும் அம்மாவிடம் கூறினார். சுவரின் மறுபுறம் படுத்திருந்த எனக்கு அந்தச் சொல் கேட்டது.

அப்பா மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆயினும் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் துணைத் தொட்டிக்குள் ஒரு மூங்கில் குச்சியை விட்டு, நனைந்த உயரத்தை அளந்து, மளிகைக் கடை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைப்பார். மறுநாள் காலை அந்த நாட்காட்டியைப் பார்த்தேன். அந்த மாதத் தொடக்கத்தில் 2 சென்டிமீட்டர். அடுத்த மாதத் தொடக்கத்தில் 28 சென்டிமீட்டர்.

பள்ளியில் அப்போதுதான் கன அளவு கற்றிருந்தோம். அப்பாவுடன் சென்று தொட்டியை அளந்தேன். நீளம் 100 சென்டிமீட்டர், அகலம் 50, உயரம் 30. ஆக, அது 150 லிட்டர் கொள்ளும். நேரான பெட்டி என்பதால் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரமும் 5 லிட்டருக்குச் சமம். 26 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 130 லிட்டர்! காணாமற்போன எண்ணெய் எங்கும் போகவில்லை. லாரியின் இரண்டாவது தொட்டியிலேயே இருந்தது. முதன்மைத் தொட்டியோ இரு மாதங்களின் தொடக்கத்திலும் நிரம்பியிருந்தது.

நாட்காட்டியில் அதற்கு முந்தைய மாதத் தொடக்கத்தையும் பார்த்தேன். அன்று 28. அந்த மாதம் துணைத் தொட்டியின் எண்ணெயில் 130 லிட்டர் செலவாகியிருந்தது. தூரம் அதேதான், ரசீதோ 870 லிட்டருக்குத்தான் இருந்தது. அப்போது அப்பாவை யாரும் பாராட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: தொடக்க இருப்பு, அதனுடன் நிரப்பியது, அதிலிருந்து இறுதி இருப்பைக் கழித்தால் கிடைப்பதே செலவு. அப்பா அதைக் கிராணியிடம் கொண்டுபோனார். அடுத்த மாதம் பணம் திரும்பி வந்தது. சொன்ன சொல்லை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை. அப்பா அந்த வேலையில் மேலும் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். மூங்கில் குச்சியை மட்டும் கடைசிவரை கைவிடவில்லை.

கதை முடிந்ததும் அதே மாணவன், “தொட்டி உருண்டையாக இருந்திருந்தால்?” என்று கேட்டான். நல்ல கேள்வி! படுக்கவைத்த உருளையில் பாதி உயரம் என்றால் பாதிக் கொள்ளளவுதான். ஆனால் கால் பங்கு உயரத்தில் கால் பங்கு எண்ணெய் இராது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இருக்கும். அத்தகைய தொட்டிக்குக் குச்சியில் சம இடைவெளியில் கோடு போட்டால் ஏமாந்துவிடுவோம். லிட்டர் லிட்டராக ஊற்றிக் குறிக்க வேண்டும்.

எண்ணெய்க் கணக்கு இன்று இன்னும் கூர்மையாகிவிட்டது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. நம் பாலத்திற்கு அப்பாலோ, சிங்கப்பூர் வாகனங்கள் அரைத் தொட்டி எண்ணெயுடன்தான் வெளியேற வேண்டும் என்ற விதி 1989இல் வந்து, 1991இல் முக்கால் தொட்டியாக உயர்ந்தது. விலை ஏற ஏற ஐயமும் ஏறுகிறது. ஐயப்படுவதற்கு முன் இருப்பை அளந்து பார்ப்பதுதான் முறை.

பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே! தேர்வுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “இவ்வளவு செலவு செய்தோம், மதிப்பெண் எங்கே?” என்று கேட்கும் போதெல்லாம் எனக்கு அந்தக் கிராணியின் நினைவு வருகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் அந்தப் பிள்ளை எங்கிருந்தது என்று நாம் குறித்து வைத்தோமா? நான் இப்போது ஜனவரியில் எடுத்த குறிப்பேடாயினும், வேறு மாதத்தில் எடுத்ததாயினும், வகுப்பின் முதல் வாரக் குறிப்பை எறிவதில்லை. அப்பாவிடம் கற்ற பழக்கம் அது.